குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம்

மாணவர்களே, ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? தாப்பாவை நெருங்கும்போது இடப்பக்க மலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் லாத்தா கிஞ்சாங் அருவி. பள்ளி விடுமுறை வந்தால் அங்கே கூட்டம் அலைமோதும். வெயிலில் நடந்து வந்த களைப்பில் பலர் சட்டையைக் கழற்றியதும் நேராகக் குதித்துவிடுகிறார்கள். அடுத்த நொடி “ஹா!” என்று மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. 24 பாகை செல்சியஸ் குளிர்சாதன அறையில் நாம் சுகமாக உட்கார்ந்திருக்கிறோம். அதே 24 பாகை நீரில் இறங்கினால் மட்டும் ஏன் நடுங்குகிறோம்? நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேலும், ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த, ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். அதனால் நம் உடலின் சூட்டை நீர் வாங்கிக்கொண்டே இருக்கும். தான் எளிதில் சூடாகாது.

இப்போது உடலுக்குள் போவோம். தோலுக்கு அடியில் குளிரை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் அவை அனைத்தும் சேர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். உடனே நம்மைக் கேட்காமலேயே ஓர் அனிச்சைச் செயல் நடக்கிறது. ஒரே மூச்சில் இரண்டு மூன்று லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். பிறகு மூச்சு பல மடங்கு வேகமாகிறது. இதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதைக் ‘குளிர் அதிர்ச்சி’ என்கிறார்கள். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்கக்கூடியவர்கூட, மிகக் குளிர்ந்த நீரில் சில நொடிகளுக்கு மேல் அடக்க முடியாது. அந்த முதல் மூச்சு வரும் நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால், நுரையீரலுக்குள் போவது காற்றல்ல, நீர். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவதற்கு இது ஒரு காரணம்.

ஏறக்குறைய உறைநிலையில் உள்ள நீருக்கு நிபுணர்கள் ‘1–10–1’ என்ற எளிய கணக்கைச் சொல்கிறார்கள். மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம். கை கால்கள் ஒழுங்காக வேலை செய்ய 10 நிமிடம். உடலின் உள்வெப்பநிலை குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பலரும் கடைசி ஆபத்தை எண்ணித்தான் பயப்படுகிறார்கள். ஆனால் முதல் நிமிடமே பலரின் உயிரைப் பறிக்கிறது.

அப்படியானால் குளிர்ந்த கடலை நீந்திக் கடப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய பகுதியே சுமார் 34 கிலோமீட்டர். கோடையிலும் அதன் நீர் 15 முதல் 18 பாகை வரைதான் இருக்கும். முறைப்படி கடப்பவர்கள் சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி ஆகியவற்றோடுதான் நீந்த வேண்டும். சூட்டைக் காக்கும் ரப்பர் உடைக்கு அனுமதியில்லை. 1994இல் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையையும், அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். 2003இல் அப்துல் மாலிக் மைதீன் 17 மணி நேரத்துக்கு மேல் நீந்தி, அக்கால்வாயைக் கடந்த முதல் மலேசியரானார். வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களாலும் இது முடியும் என்பதற்கு இவர்களே சான்று.

ஆனால் கடல் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போய்த் திரும்பி நீந்திக் கடந்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிரிழந்தார்.

குளிருக்குப் பழகுவதிலும் அறிவியல் இருக்கிறது. சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்ந்த நீரில் இறங்கிப் பழகினாலே குளிர் அதிர்ச்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தப் பழக்கத்தின் பலன் பல மாதங்கள் நீடிக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அடங்குவது அதிர்ச்சிதான், உடல் சூட்டை இழப்பது நின்றுவிடுவதில்லை. ஆகவே பழகியவரும் நீரில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

நம் பேராக்கில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய லம்பங்கள் இன்று குளங்களாக நிற்கின்றன. வெயிலில் சூடான நீர் எடை குறைவானது என்பதால் மேலே நிற்கும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். மேலே கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு, உள்ளே குதித்தால் கால்பக்கம் சில்லென்ற நீர். கரையும் பல இடங்களில் செங்குத்தாக இறங்கும். இக்குளங்களில் குளிக்கவே வேண்டாம். அருவியிலும் மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடித்தாலும், வெள்ளம் திடீரென்று பாய்ந்து வரும். நீர் கலங்கினாலோ மட்டம் உயர்ந்தாலோ உடனே கரையேறுங்கள்.

அனுமதிக்கப்பட்ட இடத்தில், பெரியவர்களின் துணையோடு இறங்கும்போது செய்ய வேண்டியவை:

• குதிக்காதீர்கள். கால், கை, முகம், கழுத்து என்று நனைத்துப் படிப்படியாக இறங்குங்கள்.
• மூச்சு சீராகும்வரை கால் எட்டும் ஆழத்திலேயே நில்லுங்கள்.
• தவறி விழுந்துவிட்டால் உடனே நீந்தப் போராடாதீர்கள். மல்லாந்து மிதந்து, வாயும் மூக்கும் நீருக்கு மேலே இருக்கும்படி ஒரு நிமிடம் பொறுங்கள். மூச்சு அடங்கியதும் கரையை நோக்கி நகருங்கள் அல்லது உதவிக்குக் குரல் கொடுங்கள்.
• நடுக்கம் தொடங்கினால் வெளியேறி, ஈர உடையை மாற்றி, உடலைப் போர்த்திக்கொள்ளுங்கள்.
• நண்பன் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ, காலி நெகிழிப் புட்டியோ எறிந்துவிட்டு 999ஐ அழையுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால், விடியற்காலையில் தொட்டி நீரில் எப்படிக் குளித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் குவளை காலில், அடுத்தது தோளில், கடைசியாகத் தலையில் என்று சொல்வார்கள். அடுத்த முறை அருவிக்குப் போகும்போது அதே வரிசையை நீங்களும் பின்பற்றுங்கள். உடன் வரும் தம்பி தங்கைக்கும் சொல்லிக் கொடுங்கள்.