27 நிமிடத்தில் 6 செக்கன்

ஒரு கணக்குப் போடுவோம். 100,000 சேமிப்புக் கணக்குகளுக்கு இரவில் வட்டி போட வேண்டும். புரோகிராம் ஓடும் கணினி கிழக்கிலங்கையின் பாலமுனையில், தரவுத்தளம் கொழும்பில். ஒவ்வொரு கணக்குக்கும் நிலுவையைப் படிப்பது, வட்டியைக் கூட்டித் திருத்துவது, பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது, கடைசியில் மாற்றங்களை நிலைப்படுத்தும் ‘கொமிட்’. ஆக 4 கட்டளைகள், மொத்தம் 400,000.

பாலமுனையிலிருந்து கொழும்பு நேர்கோட்டிலேயே 200 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி ஒரு செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர்தான் போகும். போய்வர 2 மில்லி செக்கனுக்குக் குறையாது. 400,000 கட்டளைக்குப் பயணம் மட்டும் 800 செக்கன்.

கொமிட்டின் செலவு வேறு, வட்டில் எழுதி முடியும்வரை அது காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செக்கன் எடுக்கும். கொமிட்டுக்கு ஒரு சுற்று என்றால் 830 செக்கன். உண்மையான வேலைக்குக் கட்டளை ஒன்றுக்கு 20 மைக்ரோ செக்கன் வைத்தால், கொமிட் நீங்கலாக 300,000 கட்டளைக்கு 6 செக்கன்.

கூட்டினால் 1,636 செக்கன், 27 நிமிடம். இதைப் பார்க்காமல் இரட்டிப்பு வேக சேர்வர் வாங்கினால் மிச்சம் 3 செக்கன். காசைக் கடலில் போடுவதும் அதுவும் ஒன்றுதான்.

கோளாறு எளிதில் அகப்படாததற்கும் காரணமுண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மந்தக் கட்டளைப் பதிவை இயக்கினாலும், நேர எல்லையை மாற்றாமல் விட்டால், 10 செக்கனைத் தாண்டியதையே எழுதும். நம்முடைய ஒரு கட்டளையும் அதில் விழாது. தனித்தனியே பார்த்தால் எல்லாமே வேகம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சி ஒரே மாதிரிக் கட்டளைகளைச் சேர்த்து, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு நேரம் என்று காட்டும். சராசரியை விடுங்கள், மொத்த நேரத்தால் வரிசைப்படுத்துங்கள். அதுவும் சேர்வருக்குள் போன நேரத்தைத்தான் அளக்கும். வழியில் போன 800 செக்கனைப் பிடிக்க பாலமுனைப் பக்கத்திலும் கடிகாரம் வேண்டும்.

1,000 கணக்குக்கு ஒரு கொமிட் போட்டால் 830 செக்கன் ஒரு செக்கனுக்குள் அடங்கும். பயணமும் 600 செக்கனாகும். வயல் நெல்லை மூட்டை மூட்டையாகச் சுமக்காமல் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவதுபோல, முழு வேலையையும் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரே கட்டளையாக ஓட்டினால் அந்த 600-உம் போய்விடும்.

ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதிபோல நாடு முழுக்க மின்சாரம் போனால், அந்த ஒரே கட்டளை முழுதாகப் பின்வாங்கும், மறுபடி முதலிலிருந்துதான். ஆயிரம் ஆயிரமாகப் போனால் அதிகபட்சம் 1,000 கணக்கே திரும்பச் செய்ய வேண்டும், எதுவரை முடிந்தது என்பதையும் அதே கொமிட்டில் எழுதியிருந்தால்.