பாத்ரூமில் ஹீட்டர்: எம்.சி.பி மட்டும் போதுமா?

லண்டன், டொரண்டோ வீடுகளில் பாத்ரூம் டைல்ஸுக்கு அடியில் ஹீட்டர் வயர் பதித்து, தரையையே சூடாக்குகிறார்கள். வெயில் ஊர்களான பெரம்பலூர், அரியலூரில் அதற்கு வேலையில்லை. மார்கழிக் குளிருக்கு கீசர் போதும். ஆனால், இரண்டுக்கும் கட்டாயம் தேவை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

எம்.சி.பி இருக்கே, போதாதா? போதாது. 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதைவிட அதிகமாகப் போனால்தான் எம்.சி.பி 'ட்ரிப்' ஆகும். ஈரக்காலுடன் நிற்பவரின் உயிரைப் பறிக்க, 1 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்!

ஆர்.சி.சி.பி, உள்ளே போகும் கரன்ட்டையும் திரும்பி வருவதையும் ஒப்பிடும். கொஞ்சம் கசிந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும்.

எர்த் வயர் இருக்கான்னு எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்க. மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்க. ட்ரிப் ஆகலைன்னா, மாத்துற வரைக்கும் கீசரைப் போடாதீங்க.