உங்களுக்குத் தெரியுமா? கனடாவில் ஆறாம் திணை!

தொல்காப்பியம் காட்டும் ஐந்திணையில் உறைபனிக்கு இடமில்லை. அந்தக் குறையைக் கனடாத் தமிழ்க் கவிதை நிரப்பியது. பனியும் பனி சார்ந்த நிலமும் இன்று ‘ஆறாம் திணை’.

● முதற்பொருள் (நிலமும் பொழுதும்): உறைபனி நிலம், நீண்ட குளிர்காலம். உரிப்பொருள் (அந்த நிலத்துக்குரிய உணர்வு): ஊரைப் பிரிந்த ஏக்கம். சங்க உத்தி அப்படியே, நிலம் மட்டும் புதிது.

● யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த கவிஞர் சேரன், கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். இந்த ஆறாம் திணையையும் புலம்பெயர் தமிழரின் கற்பனையையும் பற்றி 2001இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தி இவரது தந்தை.



● தாம்பரத்து மாணவர்களே, சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தின் குறுங்காட்டில் முல்லை நிலத்தைப் பாருங்கள். பிறகு பனிக் கவிதைகளைப் படியுங்கள்; இயற்கைக் காட்சிக்குள் மறைந்திருக்கும் பொருளாகிய உள்ளுறை தானே பிடிபடும்.