'டெனட்' என்னும் சொல்: நாம் பற்றியிருப்பது எது?

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் ஆராதனை முடித்துத் திரும்புகையில், உடன்வந்த இறையியல் மாணவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார்: "ஐயா, டெனட், டாக்டிரின், டாக்மா ஆகிய மூன்றையும் 'கோட்பாடு' என்றே மொழிபெயர்க்கிறோம். மூன்றும் ஒன்றுதானா?"

ஒன்றல்ல. 'டாக்டிரின்', கற்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரினின்று பிறந்தது. திருமறைத் தமிழில் இதுவே 'உபதேசம்'. 'டாக்மா' கிரேக்கச் சொல். நலமெனக் கண்டு விதித்த தீர்ப்பு. லூக்கா 2:1இல் அகுஸ்துராயனின் கட்டளைக்கும், அப்போஸ்தலர் 16:4இல் எருசலேம் சங்கத்தின் தீர்மானங்களுக்கும் இச்சொல்லே வருகிறது. 'கிரீட்' என்பது 'நான் விசுவாசிக்கிறேன்' எனப் பொருள்படும் 'கிரேதோ'வினின்று வந்த விசுவாசப் பிரமாணம்.

'டெனட்' என்பதோ இலத்தீனில் 'பற்றியிருக்கிறான்' எனப் பொருள்படும் வினைமுற்று. நிலத்தைப் பற்றியிருக்கும் குத்தகைதாரரைக் குறிக்கும் 'டெனன்ட்' என்பதும் இவ்வேரினதே. மாணவர் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவது இவ்வுறவினால் போலும். தமிழும் இவ்வாறே அமைந்திருத்தல் வியப்பாம். 'கொள்' என்னும் வினையே 'கொள்கை'க்கும் 'கோட்பாட்டு'க்கும் அடி. ஆதலின் டெனட்டுக்கு இவை மிகப் பொருந்தும்.

வழக்கில், ஒரு குழுவினர் தமக்குரியதெனப் பற்றியுள்ள அடிப்படைக் கொள்கையே டெனட். சமயமன்றி அரசியலுக்கும் தத்துவத்திற்கும் இது வழங்கும். 1913இல் கொல்லிமலையில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்டு, எவ்லின் தம்பதியர் ஸ்திரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்தவர்கள். விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றோர்க்கே திருவிருந்து என்பது அச்சபையாரின் டெனட். திரித்துவம் அனைத்துச் சபைகளின் பிரமாணம். இவ்வேறுபாட்டை மறக்கும்போதே, ஒரு சபையின் கொள்கை மற்றொரு சபையை நியாயந்தீர்க்கும் கோலாகிவிடுகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பற்றியிருக்கிறோம் என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. எபிரெயர் 4:14 நம் அறிக்கையை உறுதியாய்ப் பற்றச் சொல்கிறது. அங்குள்ள அதே கிரேக்க வினை, மாற்கு 7:8இல் தேவகட்டளையை விட்டு மனிதர் பாரம்பரியத்தைப் பற்றியோரைக் கண்டிக்கவும் வருகிறது. கை ஒன்றே, பற்றிய பொருளே வேறு.

முன்னொரு முறை அதே காரவள்ளியில், ஞானஸ்நானம் வேண்டி வந்த மலைவாழ் முதியதாய் ஒருவரைப் பிரமாணம் சொல்லப் பணித்தோம். அவருக்கு வரவில்லை. "எனக்கு எதுவும் நெனப்புல நிக்கல ஐயா. ஆனா அவரு என்னைப் பிடிச்ச பிடியை விடல" என்றார். நாம் அதனை விடையாகக் கொள்ளாது ஆறு திங்கள் தள்ளிவைத்தோம். பிலிப்பியர் 3:12ஐ மீண்டும் வாசித்தபோதுதான் நம் பிழை விளங்கிற்று. கிறிஸ்து தம்மைப் பிடித்ததனாலேயே தாம் பிடிக்கத் தொடர்வதாகப் பவுல் அங்கே கூறுகிறார். அத்தாய் சொன்னதும் அதுவே.

போதக ஊழியத்திற்கு ஆயத்தமாகும் இளைஞரே, உங்கள் சபையின் கோட்பாடுகளைத் தெளிவுறக் கற்பீர்களாக, உறுதியாய்ப் பற்றுவீர்களாக. ஆயினும் ஒருவரை வினவுமுன், அவர் எதைப் பற்றியிருக்கிறார் என்பதோடு, யாரால் பற்றப்பட்டிருக்கிறார் என்பதையும் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.