புவிக்காந்தத்தின் திடீர்த் துள்ளல்களும் நமது கரையும்

கிப்லாவை அறிய நாம் கையிலெடுக்கும் திசைகாட்டியின் முள் ஆடாது நிற்பதாகவே தோன்றுகிறது. ஆயினும் புவியின் காந்தப் புலம் ஓயாது மாறுகிறது. சூரியன் வீசும் மின்னூட்டத் துகள்களின் அதிர்வலை மோதும்போது அப்புலம் சில நிமிடங்களில் திடீரெனத் துள்ளுகிறது. இதனை நுண்ணிய காந்தமானிகளே உணரும். தொழுகையின் திசை மாறிவிடுமோ என எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு நிலையத்தின் பதிவை மட்டும் நம்பிவிட இயலாது. அருகில் லொறி ஒன்று சென்றாலும் கோடு ஆடும். பம்பாயின் டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறவிருந்ததனாலேயே கொலாபா ஆய்வகத்துக்கு மாற்றாக 1904இல் அலிபாக் நிலையம் அமைக்கப்பட்டது. சூரியனால் எழும் துள்ளலோ ஏறத்தாழ ஒரே நேரத்தில் உலகெங்கும் பதிவாகும். ஆகவே தொலைதூர நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டே பட்டியலிட வேண்டும். ஸ்பெயினின் எப்ரோ ஆய்வகம் 1975 முதல் இப்பணியை ஆற்றி வருகிறது. பட்டியல் 1868 வரை பின்னோக்கிச் செல்கிறது.

காந்த நடுக்கோடு தென்னிந்திய முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. பகலில் அதன் மேலே, சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில், வலிய மின்னோட்டம் பாய்வதால் துள்ளல்கள் இங்கு பெருகித் தெரியும். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவகம் ஆய்வுகூடம் நடத்துவதும் இதனாற்றான்.

துள்ளலைத் தொடர்ந்து பெரும்பாலும் காந்தப் புயல் எழுகிறது. அப்போது மேல்வானின் அயனி மண்டலம் கலங்கி, ஜி.பி.எஸ். கருவிகள் பிழையான இடத்தைக் காட்டக்கூடும். கல்முனை, சாய்ந்தமருது ஆழ்கடல் மீனவர்கள் அக்கருவியை நம்பியே கரை திரும்புகின்றனர். 2024 மே 10ஆம் திகதி இரவு தொடங்கிய புயல் இரு தசாப்தங்களில் மிக வலியது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இத்துறையில் அக்கறை கொள்ள வேண்டுமென்பது நமது அவா. வீதிக்கு எட்டிய நிலமும் இரும்பு சேராத சிறு கட்டடமும் இருப்பின், மாணவர்களே தம் பதிவுகளை எப்ரோவின் பட்டியலோடு ஒப்பிட்டறியலாம்.