சிறகில் படிந்த பனி

பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் மாத்திரம் கண்டு பழகியவர்கள் நாம். விரற்கடைப் பருமன்கூட இல்லாத பனிப்படலம் ஒரு பெரிய ஆகாய விமானத்தை வீழ்த்திவிடும் என்றால், நம்மிற் பலர் நம்பத் தயங்குவர். ஆயினும் அது உண்மையே.

சிறகின் மேற்புறத்தைத் தழுவிக் காற்று தடையின்றி ஓடினாற்றான் விமானம் மேலே தூக்கப்படும். மேகத்திலுள்ள நீர்த்துளிகள் சில வேளைகளிற் பூச்சியம் பாகைக்குக் கீழே குளிர்ந்த பின்னரும் உறையாமல் மிதக்கின்றன. விரைந்து வரும் சிறகின் முன்விளிம்பிற் பட்டதும் அவை உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. நிலத்தில் நிற்கும் விமானத்தின்மீது பெய்யும் பனியும் தீங்கு விளைப்பதே. மணற்கடதாசி போன்ற சொரசொரப்பு உண்டானாலே தூக்கும் விசை நூற்றுக்கு 30 வரை குறைந்துவிடலாம். எனவே, பனியின் பாரத்தினும் அது சிறகின் வடிவைக் கெடுப்பதே பெருங்கேடாகும்.

1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் திகதி, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனிற் கடும் பனி பெய்துகொண்டிருந்தது. எயர் புளோரிடாக் கம்பனியின் போயிங் 737 விமானமொன்று, 79 பேருடன் வெப்பமான புளோரிடாவுக்குப் புறப்படக் காத்திருந்தது. பனியிற் பறந்த அனுபவம் விமானிகள் இருவருக்கும் குறைவு. சிறகுகளிற் பனிநீக்கும் திரவம் தெளிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அதன்பின் ஏறக்குறைய 50 நிமிடங்கள் பனி பெய்துகொண்டேயிருந்தது. எஞ்சின்களிற் பனி உறையாதபடி சூடேற்றும் சாதனத்தையும் விமானிகள் இயக்கவில்லை. எஞ்சின் முகப்பிலுள்ள அளவுக் குழாயைப் பனி அடைத்தமையால், உண்மையான வலுவிலும் மிகுந்த வலுவை மானி பொய்யாகக் காட்டியது.

விமானம் ஓடத் தொடங்கியதும், அதனைச் செலுத்திய உதவி விமானி மானிகளின் முரண்பாட்டைக் கண்டுகொண்டார். ஏதோ பிழையிருக்கிறதென்று ஒரு முறைக்கு மேற் சொன்னார். தலைமை விமானியோ, எல்லாம் சரியே என்று அமைதி கூறினார். ஓட்டம் நிறுத்தப்படவில்லை. நிலத்தைவிட்டு எழுந்த விமானம் உயர மாட்டாது தள்ளாடியது. அருகிலிருந்த பாலத்தில் மோதி, பொட்டோமக் ஆற்றின் பனிநீரில் வீழ்ந்தது. விமானத்திலிருந்தோருள் 74 பேரும், பாலத்தின்மீது வாகனங்களிற் சென்ற நால்வரும் மாண்டனர்.

உயிரோடு மிதந்த அறுவர் விமானத்தின் வாற்பகுதியைப் பற்றியிருந்தனர். ஹெலிகொப்டரிலிருந்து இறக்கப்பட்ட கயிற்றை ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்ற பிரயாணி தமக்கெனக் கொள்ளாது மற்றவர்களுக்கே கொடுத்தார். ஐவர் பிழைத்தனர். அவரை மீட்க ஹெலிகொப்டர் திரும்பி வந்தபோது, ஆறு அவரை விழுங்கிவிட்டிருந்தது. அப்பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பனியை வெல்லும் வழிகள் பல உள்ளன. எஞ்சினின் வெப்பக் காற்றைச் சிறகினுட் செலுத்துவர். சில விமானங்களில், முன்விளிம்பிலுள்ள றப்பர் உறையை ஊதச் செய்து பனியை உடைப்பர். நிலத்திலே தெளித்த திரவம் எவ்வளவு நேரம் காக்குமெனக் கணக்கிட்டு, அந்நேரம் கடந்தால் மீண்டும் தெளிப்பர். ஆனால் கருவிகள் மாத்திரம் போதா. இளையவர் தம் ஐயத்தை அஞ்சாது எடுத்துரைக்கவும், மூத்தவர் அதனை மதித்துக் கேட்கவும் வேண்டுமென்பதற்கு இவ்விபத்து இன்றும் விமானிகளுக்கு ஒரு பாடமாகக் கூறப்படுகிறது. அப்பாடம் விமானிகளுக்கு மாத்திரம் உரியதன்று. நம் வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் உரியதே.