குப்பை வண்டி வரலையா? கோபப்படாதீங்க!

புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. தெருவும் வீடும் பெருகப் பெருக, தூய்மைப் பணியாளர் ஒருநாள் வராவிட்டாலும் நமக்குக் கோபம் வருகிறது. 'இன்னிக்கும் லீவா?' என்று கேட்கிறோம். அவர் காய்ச்சலில் படுத்திருக்கலாமே!

மழைக்காலத்தில் சாக்கடை அள்ளுபவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் பட்டால், காலிலுள்ள சின்ன வெடிப்பு வழியாகக்கூடக் கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை அறிகுறிகள். முற்றினால் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: கஷாயத்தை நம்பி நாள் கடத்தாதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதித்து, சீக்கிரமே ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

ஒப்பந்தப் பணியாளர்கள் 'லீவு போட்டா சம்பளம் போயிடுமே' என்று காய்ச்சலோடு வேலைக்கு வருவதுண்டு. இ.எஸ்.ஐ.யில் பதிவாகி, சந்தா நாட்களும் சரியாக இருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகித ஊதியம் கிடைக்கும். உங்கள் தெருப் பணியாளரிடம் இதைச் சொல்லுங்கள். மருத்துவ முகாம் நடக்கிற அன்று, 'போய்க் காட்டிட்டு வாங்கம்மா, குப்பையை நாளைக்கு எடுத்துக்கலாம்' என்று அனுப்பி வையுங்கள். சர்க்கரை நோய் இருப்பது தெரியாவிட்டால், சின்னக் காயமும் ஆறாமல் புரையோடிவிடும்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசியைக் கெட்டியான காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அவர் கையில் கீறல் விழாமல் காப்பது நம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.